வணிக நெறிக்காக ஓர் அமைப்பு தொடங்குகிறீர்களா? பதிவுக்கு ஓடும் முன் இதைப் படியுங்கள்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாலைந்து பேர் கூடிப் பேசினால், தொழிலில் நேர்மை குறைந்துவிட்டது என்ற பேச்சு வராமல் இருக்காது. அந்தப் பேச்சு முற்றினால் "நாமே ஓர் அமைப்பு தொடங்கினால் என்ன?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். சிறு நிறுவனங்களுக்குப் பயிற்சி, கொஞ்சம் ஆய்வு, ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு. கொள்முதல் பிரிவிலேயே காலம் தள்ளிய நானும், மனிதவளத் துறையிலிருந்த இரண்டு நண்பர்களும் சென்னையில் அப்படித்தான் இறங்கினோம். நல்ல காரியம்தானே, கதவுகள் தாமாகத் திறக்கும் என்ற எண்ணத்துடன் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதவுகள் திறக்கும், ஒவ்வொரு கதவிலும் ஒரு படிவம் இருக்கும்.

1. பணம் எங்கிருந்து வரும் என்பதை எழுதி வையுங்கள்

பெயர், லோகோ, லெட்டர்ஹெட் எல்லாம் பிறகு. ஒரு தாளில் மூன்று ஆண்டு வரவை எழுதுங்கள். நிறுவனங்கள் தரும் பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, கருத்தரங்கில் வருவது எவ்வளவு. பின்னால் வரும் அத்தனை சிக்கலும் இந்த விகிதத்திலிருந்துதான் முளைக்கிறது.

காரணம் இது. வருமான வரிச் சட்டத்தில் அறப்பணி என்றால் ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு என ஒரு பட்டியல் உண்டு. கடைசியில் "பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்கள்" என்று ஒரு வகை. வணிக நெறியை வளர்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான் போய் விழும். இந்த வகைக்கு மட்டும் ஒரு கடிவாளம் இருக்கிறது: கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகத் தன்மையுள்ள வேலையின் வரவு, அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டு வரிவிலக்கு போய்விடும்.

"நாங்கள் நடத்துவது பயிற்சி, பயிற்சி என்றால் கல்விதானே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். கல்வி என்றால் முறைப்படியான பாடமுறைக் கல்வி என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே பொருள் சொல்லிவிட்டது. 2022 அக்டோபரில் வந்த தீர்ப்பும் அதே பாதையில்தான் போகிறது. ஒரு தொழிற்சாலையில் அரைநாள் நடத்தும் பட்டறை அதில் அடங்குவது கடினம். அதே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பு கொஞ்சம் ஆறுதல் தருகிறது: அடக்கவிலைக்கோ அதற்குச் சற்றே மேலாகவோ வாங்கும் கட்டணத்தை வணிகமாகக் கொள்ள வேண்டியதில்லை. அப்படியானால் ஒவ்வொரு பயிற்சிக்கும் பயிற்றுநர் ஊதியம், பயணம், அச்சு, தேநீர் என அடக்கவிலைத் தாள் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், வரவில் பாதிக்கு மேல் நிறுவனங்களின் கட்டணமாக இருக்கப்போகிறது என்றால் அறப்பணி வேடம் வேண்டாம். சாதாரண பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவே நடத்துங்கள். சலுகை வீதத்தைத் தேர்ந்தெடுத்தால் மேல்வரி, செஸ் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம் வரி. அதுவும் லாபத்தின் மீது மட்டும். லாபமே இல்லாத தொடக்க ஆண்டுகளில் எதற்காக இத்தனை விலக்குப் படிவங்கள்? நன்கொடையும் ஆய்வும்தான் முதன்மை, பயிற்சி ஓரமாக நடக்கும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

2. டிரஸ்டா, சங்கமா, பிரிவு 8 கம்பெனியா?

டிரஸ்ட் எளிது. பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது 7 பேர் வேண்டும். பிரிவு 8 கம்பெனி என்பது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி லாபப் பங்கீடு இல்லாமல் நடத்துவது. பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் 2 இயக்குநர்கள் போதும்.

நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவு புதிய சேவையாளரைச் சேர்க்கும்போது கேட்கும் கம்பெனிப் பதிவு எண், தணிக்கை செய்த கணக்கு, இயக்குநர் விவரம் ஆகியவை இதில் இயல்பாகவே கிடைத்துவிடும். மற்றவர்களுக்கு வெளிப்படைத்தன்மை பற்றிப் பாடம் எடுக்கப்போகும் அமைப்பின் கணக்கை யார் வேண்டுமானாலும் அரசுத் தளத்தில் பணம் கட்டிப் பார்க்க முடிவதும் நல்லதுதான். ஆனால் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வேலை இதில்தான் அதிகம். அதற்கு ஆளும் பணமும் இல்லையென்றால் டிரஸ்டே மேல்.

3. பெயர்

பிரிவு 8 கம்பெனியின் பெயரில் ஃபவுண்டேஷன், ஃபோரம், அசோசியேஷன், கவுன்சில் போன்ற ஒரு சொல் இருக்க வேண்டும். நேஷனல், கமிஷன், அத்தாரிட்டி, போர்டு போன்றவை அரசின் முன்அனுமதி இல்லாமல் கிடைக்காது. நெறி சார்ந்த அமைப்புக்கு "எத்திக்ஸ் கமிஷன்" என்று வைக்கத்தான் எல்லாருக்கும் கை வரும்; விண்ணப்பம் திரும்பி வரும். கம்பெனிப் பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் இணையப் படிவத்தின் முதல் பகுதியில் இரண்டு பெயர்கள் தரலாம், கட்டணம் 1,000 ரூபாய். ஒப்புதல் கிடைத்தால் பெயர் 20 நாட்களுக்கு உங்களுடையது. அதற்குள் மற்ற ஆவணங்கள் தயாராக இல்லையென்றால் ஓட்டமும் நடையும்தான். அதனால் ஆவணங்களைச் சேர்த்த பிறகே பெயருக்கு விண்ணப்பியுங்கள்.

4. ஆவணங்கள்

ஒவ்வோர் இயக்குநருக்கும் பான், ஆதார், புகைப்படம், இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத வங்கி அறிக்கை அல்லது தொலைபேசி பில். அலுவலக முகவரிக்கு மின் கட்டண ரசீது (இதுவும் இரண்டு மாதத்துக்குள்), வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் தடையின்மைக் கடிதம். நண்பர் வீட்டு மாடியை அலுவலகமாகக் காட்டினாலும் இவை வேண்டும்.

தமிழ்நாட்டில் இங்கே ஒரு முடிச்சு விழும். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். வீடு பேரன் பெயரில் இருக்கும். தடையின்மைக் கடிதத்தில் கையெழுத்திடுபவரும் மின் ரசீதில் இருப்பவரும் வேறு வேறு என்றால் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சொத்துவரி ரசீதையும் சேர்த்து வையுங்கள். முடிந்தால் மின் இணைப்பின் பெயரை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். அடுத்தது பெயர் எழுத்து. ஆதாரில் இனிஷியல், பானில் தகப்பனார் பெயர் முழுதாக என்று இருப்பது நம் ஊர் வழக்கம். டிஜிட்டல் கையொப்பம் வாங்கும்போதே இது இடிக்கும். முதலில் பானையும் ஆதாரையும் ஒத்துப்போக வையுங்கள்.

இவற்றுடன் அமைப்பு விதித்தொகுப்பு (ஐஎன்சி-13 வடிவத்தில்), உள்விதிகள், தொழில்முறை ஆடிட்டர் அல்லது கம்பெனி செயலர் தரும் ஐஎன்சி-14 உறுதிமொழி, ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தரும் ஐஎன்சி-15 உறுதிமொழி, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான வரவு செலவு மதிப்பீடு. முதல் படியில் எழுதச் சொன்ன தாள் இங்கேதான் உதவும். இதில் ஒரு கணக்கும் பிறகு வருமான வரி விண்ணப்பத்தில் வேறு கணக்கும் காட்டினால் கேள்வி வரத்தான் செய்யும்.

செலவைப் பொறுத்தவரை, அரசுக் கட்டணம் பெரிதல்ல. தொழில்முறைக் கட்டணம்தான் செலவு. ஒரே வேலைக்கு ஓரிடத்தில் கேட்டதைப்போல இரு மடங்கு இன்னோரிடத்தில் கேட்டார்கள். மூன்று இடங்களில் விலை கேளுங்கள். "எல்லாம் சேர்த்து" என்று சொன்னால் 12ஏ, 80ஜி (வரிச் சலுகைக்கான பதிவுகள்; 7-ஆம் படியில் வருகிறது) விண்ணப்பங்களும் முதலாண்டுத் தாக்கல்களும் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். டிஜிட்டல் கையொப்பத்துக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் முதல் பதிவுச் சான்று வரை ஒரு மாதம், வங்கிக் கணக்குக்கு இன்னும் இரண்டு வாரம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

5. நோக்கப் பிரிவில் ஆசையை அடக்குங்கள்

இணையத்தில் கிடைக்கும் மாதிரியை எடுத்து முதியோர் இல்லம், மரம் நடுதல், யோகா, கிராம வளர்ச்சி என்று எல்லாவற்றையும் சேர்ப்பார்கள். "இருந்துவிட்டுப் போகட்டும், பின்னால் உதவும்" என்பார்கள். உதவாது. நோக்கம் 20, செயல்பாடு 1 என்றால் வரித்துறை மீதி 19-க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும். நாலே வரி போதும்: தொழில் நடத்தையில் நேர்மை குறித்த விழிப்புணர்வு, அதற்கான பயிற்சி, ஆய்வும் வெளியீடும், கூட்டங்களும் கருத்தரங்குகளும். "சான்றிதழ் வழங்குதல்" என்று எழுதும் முன் இருமுறை யோசியுங்கள். ஒரு நிறுவனத்தை நேர்மையானது என்று நீங்கள் சான்றளித்து, ஆறு மாதத்தில் அங்கே சோதனை நடந்தால் செய்தியில் உங்கள் பெயரும் வரும். கலந்துகொண்டவருக்கு வருகைச் சான்று கொடுங்கள், அது போதும்.

6. பதிவுச் சான்று வந்த 30 நாட்கள்

முதல் இயக்குநர் கூட்டம், முதல் தணிக்கையாளர் நியமனம் இரண்டும் 30 நாட்களுக்குள் முடிய வேண்டும். பான் எண்ணும், வரி பிடித்துச் செலுத்துவதற்கான டான் எண்ணும் பதிவுடனேயே வந்துவிடும். நிறுவனர்களே பயிற்றுநர்களாகவும் இருந்து ஊதியம் வாங்குவதாக இருந்தால், தொகையை எப்படி முடிவு செய்தீர்கள் என்பதை முதல் கூட்டக் குறிப்பிலேயே எழுதுங்கள். வெளியாளுக்குத் தரும் அளவைவிட நிறுவனருக்கு அதிகம் தந்தால் வரிவிலக்குக்கே ஆபத்து. அதைவிட, வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள்.

7. 12ஏ, 80ஜி

ஆடிட்டர்கள் வாயில் இன்னும் இந்தப் பழைய எண்கள்தான். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. தாக்கல் செய்யும் அன்று தளத்தில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். 12ஏ உங்கள் வருமானத்துக்கான விலக்கு. 80ஜி உங்களுக்கு நன்கொடை தருபவருக்கான சலுகை. தொடக்கத்தில் கிடைப்பது மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு.

பலரும் தவறவிடும் இடம் இது: மூன்றாண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுவார்கள். பழைய சட்டத்தின் விதிப்படி, செயல்பாடு தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதத்துக்கு முன், இதில் எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் பயிற்சி நடத்திய நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, புதிய சட்டத்தில் உங்களுக்குப் பொருந்தும் கெடுவை அன்றே ஆடிட்டரிடம் எழுதி வாங்குங்கள்.

சிஎஸ்ஆர் நிதி (நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணம்) வரும் என்ற கனவை மூன்றாண்டுக்குத் தள்ளி வையுங்கள். சிஎஸ்ஆர்-1 பதிவோடு, அதே துறையில் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். அதன் பிறகும் சிஎஸ்ஆர் பட்டியலில் "வணிக நெறி" என்று ஒரு தலைப்பே கிடையாது. வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள், வெளிநாட்டு நண்பர் ஒருவர் கருத்தரங்குக்கு அன்பாக அனுப்புவதாகச் சொன்னாலும்.

8. ஜிஎஸ்டி, டிடிஎஸ்

சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நிறுவனப் பயிற்சிக்கு 18 சதவீதம். 12ஏ இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது என்பது பரவலான தப்பெண்ணம். அந்த விலக்கு குறிப்பிட்ட சில பணிகளுக்குத்தான். உங்கள் பட்டறை அதில் வராது. நிறுவனங்கள் கட்டணத்தில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு (இதுதான் டிடிஎஸ்) மீதியைத் தரும். திரும்பப் பெற வேண்டுமானால் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், அதுவரை கைச்செலவுக்கு வழி பாருங்கள்.

9. முதல் பயிற்சி

"நேர்மை ஏன் முக்கியம்?" என்று கடிதம் அனுப்பினால் யாரும் பதில் போடமாட்டார்கள். எந்தச் சட்டத்துக்காக அவர்களுக்கு உங்கள் பயிற்சி தேவைப்படுகிறது என்பதைத் தேடிப் பிடியுங்கள். பங்குச் சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் தரும் பொறுப்புடைமை அறிக்கையில், நெறிமுறை குறித்து எத்தனை சதவீத ஊழியருக்குப் பயிற்சி தந்தோம் என்று எழுத வேண்டும். சப்ளையர்களுக்கு நடத்திய விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்கும் அதில் இடம் உண்டு. ஆகவே பெரிய நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிடம் போய், "உங்கள் சப்ளையர்களுக்கு நடத்தித் தருகிறோம்" என்று கேளுங்கள். அம்பத்தூரிலும் கோவையிலும் திருப்பூரிலும் உள்ள தொழில் சங்கங்கள் ஆட்களைத் திரட்டித் தருவதற்கு நல்ல வழி. பல சங்கங்களுக்குச் சொந்த அரங்கும் இருக்கிறது.

பாடத்தில் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்தைக் கட்டாயம் வையுங்கள். லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால் தப்பலாம். நிறுவனத்தின் சார்பில் ஒருவர் கொடுத்தால் நிறுவனமும் மாட்டும். தகுந்த தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று காட்டினால்தான் மீள முடியும். தூங்கி வழியும் அறைகூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும்.

சட்டத்துக்கு அரை மணி போதும். மீதி நேரத்தை அவர்களுடைய மேசையிலிருந்தே எடுங்கள். ஒரு பட்டறையில் கொள்முதல் ஊழியர் ஒருவர் கேட்டார்: "தீபாவளிக்கு சப்ளையர் அனுப்பும் இனிப்புப் பெட்டி சரி. பெட்டிக்கு அடியில் வெள்ளிக் காசு இருந்தால்?" அறை முழுக்கச் சிரித்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக, காசை வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் அந்த சப்ளையரின் சரக்கைத் தரப் பரிசோதனையில் நிராகரிக்கும்போது கை தயங்குமா தயங்காதா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். முடிவில் வாசலில் ஒரு பரிசுப் பதிவேடு வைப்பது, வருவதையெல்லாம் அதில் எழுதுவது, இனிப்பை எல்லாருக்கும் பங்கிடுவது, காசைத் திருப்பி அனுப்புவது என்று அவர்களே விதி வகுத்துக்கொண்டார்கள். கழிவுப் பொருள் எடுப்பவர் தரும் கமிஷன், சரக்கு வராமலே போடும் ஜிஎஸ்டி பில், சிறு சப்ளையருக்கு 45 நாளில் தர வேண்டிய பணத்தை இழுத்தடிப்பது என்று இப்படி ஏழெட்டு நிலைமைகளைத் தயாராக வைத்துக்கொண்டால் அரைநாள் போவதே தெரியாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பேச்சு சூடுபிடித்தால் யாராவது, "நாங்கள் இன்ன அலுவலகத்தில் இவ்வளவு கொடுத்தோம்" என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் வழக்கறிஞர் அல்ல, உங்களிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. தொடங்கும்போதே உண்மைப் பெயர், இடம், தொகை சொல்ல வேண்டாம் என்று அறிவியுங்கள். வீடியோ எடுக்காதீர்கள். முதலாளியை ஊழியர்களோடு ஒரே அறையில் உட்கார வைத்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவருக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

10. ஆய்வு

சிறியதாகத் தொடங்குங்கள். பெயர் கேட்காத கேள்வித்தாள் என்றால் ரகசியம் காக்கப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 12 பேர் வேலை செய்யும் இடத்தில் பிரிவு, வயது, பாலினம் மூன்றையும் கேட்டால் யார் எழுதியது என்று மேலாளர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். 10 பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடுவதில்லை என்று நாங்கள் விதி வைத்துக்கொண்டோம். நிறுவனப் பெயரை அறிக்கையில் போட வேண்டுமானால் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள், இல்லாவிட்டால் அவதூறு வழக்குக்குத் தயாராக இருங்கள். ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். புத்தகமாகப் போட்டால் ஐஎஸ்பிஎன் எண் அரசிடமிருந்து இலவசமாகவே கிடைக்கும். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரைத் தவிர்த்துவிடலாம்.

11. கருத்தரங்கு

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தைவிட வரி நாட்காட்டி முக்கியம். 7-ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு, 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 மறுபடி ஜிஎஸ்டி. சிறு நிறுவனங்களில் உங்கள் கூட்டத்துக்கு வரவேண்டிய அதே ஆள்தான் இவற்றையும் பார்க்கிறார். 22 முதல் 27 வரை வையுங்கள். மார்ச்சும் செப்டம்பரும் வேண்டாம்.

பணத்தில் கவனம் தேவைப்படும் இடம் ஸ்பான்சர்ஷிப். "நன்றி: இன்னார்" என்று பெயரை மட்டும் போட்டு, கைம்மாறாக எதுவும் தராமல் வாங்கினால் அது நன்கொடை; ஜிஎஸ்டி இல்லை. மேடைக்குப் பின்னால் பொருளின் விளம்பரம், வாசலில் ஸ்டால் என்று கொடுத்தால் அது ஸ்பான்சர்ஷிப், 18 சதவீதம். முன்பு இதற்கான வரியைப் பணம் தரும் நிறுவனமே கட்டி வந்தது. 2025 ஜனவரி 16 முதல், பணம் வாங்குவது கம்பெனியாக இருந்தால் அந்தக் கம்பெனிதான் வசூலித்துக் கட்ட வேண்டும். பிரிவு 8 கம்பெனியும் கம்பெனிதான். கடிதத்தில் "வரி தனி" என்று எழுதாமல் ஒரு லட்சம் வாங்கினால், பதிவு உள்ளவருக்கு அதில் 15,254 ரூபாய் வரிக்கே போய்விடும்.

யாரிடம் வாங்குவது என்பதும் கேள்விதான். எங்கள் விதி இப்படி: ஒருவரிடமிருந்து மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் வாங்குவதில்லை, தருபவருக்குப் பேச்சாளர் இடம் இல்லை, விருது கிடையாது. "நேர்மை விருது" வைத்தால் ஸ்பான்சர் வரிசையில் நிற்பார்கள் என்று நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் ஆசை காட்டினார்கள். உண்மைதான், நிற்பார்கள். அதனால்தான் வைக்கவில்லை.

12. ஆண்டுதோறும்

மார்ச் 31-இல் கணக்கு முடித்து, செப்டம்பர் 30-க்குள் தணிக்கை அறிக்கையும் பொதுக்குழுவும். முதல் பொதுக்குழுவுக்கு மட்டும் முதல் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் அவகாசம். பொதுக்குழு முடிந்த 30 நாளில் ஏஓசி-4 (நிதிநிலைக் கணக்கு), 60 நாளில் எம்ஜிடி-7 (ஆண்டு விவர அறிக்கை). சிறு கம்பெனிக்கான எம்ஜிடி-7ஏ உங்களுக்குப் பொருந்தாது. பிரிவு 8 கம்பெனி எவ்வளவு சிறியதானாலும் சட்டத்தின் கண்ணில் சிறு கம்பெனி ஆகாது. வருமான வரிக் கணக்கு அக்டோபர் 31-க்குள். வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். மிச்சமிருந்தால் டிசம்பரிலேயே ஆடிட்டரிடம் பேசுங்கள், மார்ச் கடைசி வாரத்தில் அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். ஏஓசி-4, எம்ஜிடி-7 தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டும் ஓர் ஆண்டு தவறினால் 73,000.